ஒரு மீட்டர் கோலும் ஜவ்வாது மலையும்

வாணியம்பாடியில் ரயிலிறங்கி ஆலங்காயம் சாலையைப் பிடித்தால், பாலாற்றங்கரையின் தோல் தொழிற்சாலைகள் கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிடுகின்றன. கொல்லைகள், தோப்புகள், ஆலங்காயம் கடைத்தெரு, பிறகு மலை. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலைக்கு மேற்கிலிருந்து ஏறும் வழி இது. பக்கத்து ஏலகிரியைப் போல விடுதிகளால் நிறைந்த மலை இல்லை. சாமை, பலா, தேன், ஒரு காலத்தில் சந்தனம், மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் என்று தன் பாட்டில் இருக்கும் மலை. வளைவுகள் ஓய்ந்தபின், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே காவலூர் வருகிறது. மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடங்கள் எட்டிப் பார்க்கின்றன. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அது. 1960களின் இறுதியில் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கியது; 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது; இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் தொலைநோக்கியின் திறப்பு விழா 1986 ஜனவரி 6 அன்று நடந்தது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டும், நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி கண்ணுக்கு அகப்படுவதும் வானியலாளர் பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணங்கள்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது இங்கே நெடுநாள் வழக்கம். வானம் தெளிந்திருந்தால் நிலவின் பள்ளங்களையோ சனியின் வளையத்தையோ சிறிய தொலைநோக்கி வழியே பார்க்கலாம். பார்த்தவர் முகம் மலர்வது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வானியலைப் பொதுமக்களுக்குச் சொல்லும் எந்த இடத்திலும், அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு வந்து விழுவது பெரிய எண்கள்தாம். இத்தனை கோடி கிலோமீட்டர், இத்தனை ஒளியாண்டு. கேட்டவர் வாய்பிளக்கலாம், அந்த எண்ணை வைத்துக்கொண்டு வேறொன்றும் செய்ய முடியாது. யாரோ பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள், நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான் என்று மலையிறங்கிவிடுகிறார். கணிதத்தின் மகிழ்ச்சி இந்த இடத்தில்தான் கைநழுவுகிறது என்பது என் கருத்து. கணக்கு கடினமாக இருப்பதால் மக்கள் அதை வெறுக்கிறார்கள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் முடிவை மட்டும் கொடுத்துவிட்டு, அதற்குப் போன வழியில் ஒரு எட்டுக்கூட அவர்களை நடக்க விடுவதில்லை. ஒரே ஒரு எட்டை, தானே நடந்து, சரியா என்று தானே பார்த்துக்கொள்ளும்படி கொடுத்தால் போதும். மகிழ்ச்சி தானாக வரும். ஜவ்வாது மலை இதற்குச் சாட்சி சொல்லத் தகுந்த இடம். காவலூரின் பெயர் பெற்ற கண்டுபிடிப்புகளில் கண் செய்த வேலை கொஞ்சம், கணக்கு செய்த வேலை அதிகம்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்துபோக இருந்தது. கோள் மறைக்கும்போது விண்மீன் அணையும், விலகியதும் ஒளிரும். அந்த நேரங்களை நுணுக்கமாகக் குறித்தால் கோளின் அளவைக் கணக்கிடலாம். இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த ஓர் அமெரிக்க விமானத்தில் தொலைநோக்கியோடு ஒரு குழு. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜெ. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். யாரும் எதிர்பாராத ஒரு கணத்தில் விண்மீனின் ஒளி இறங்கி மீண்டும் ஏறியது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் அகப்பட்டுவிட்டது என்றே காவலூரில் முதலில் கருதினார்கள். விமானப் பதிவிலோ, கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னால் பல இறக்கங்கள், மறைத்து விலகியபின் மறுபடியும் பல இறக்கங்கள். அந்தப் பதிவை ஒரு நீண்ட தாளில் வரைந்து, கோளின் நடுவில் மடித்துப் பாருங்கள். இடப்பக்க இறக்கங்கள் வலப்பக்க இறக்கங்கள்மேல் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். ஒரு துணைக்கோள் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. பல துணைக்கோள்கள் இரண்டிரண்டாக, கோளுக்கு ஒரே தூரத்தில், எதிரெதிரே வந்து நிற்பது நடவாத காரியம். அப்படியானால் கோளைச் சுற்றி முழுக்க ஏதோ இருக்க வேண்டும். வளையம்! யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பது ஒரு பொது அறிவுத் துணுக்கு, தேர்வுக்குப் பயன்படும். மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வளையம் என்று தானே சொல்லிவிடுகிற எட்டாம் வகுப்புப் பெண் அடைவது வேறொன்று. அவள் செய்தது சமச்சீர் என்னும் கணிதக் கருத்தைக்கொண்டு ஒரு வாதத்தை முடித்தது. அதற்கு ஒரு தாளும் ஒரு மடிப்பும் போதுமாக இருந்தன.

இன்னொரு கண்டுபிடிப்பு 1988 பிப்ரவரி 17 அன்று. ஆர். ராஜமோகன் இங்கிருந்த ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களில் ஒரு புள்ளி மற்ற விண்மீன்களோடு சேர்ந்து நிற்காமல் நகர்ந்தது. ஒரு குறுங்கோள். ஸ்ரீனிவாச ராமானுஜனின் நூற்றாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது; 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஜவ்வாது மலை வானத்தில் ஒரு கணித மேதையின் பெயர் இப்படி ஏறியது. பெயரைச் சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். நகரும் ஒரு புள்ளி எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனை வலம்வருகிறது என்பதெல்லாம் சில இரவுகளின் நிலைகளிலிருந்து கணக்கால் வருபவை. 1801இல் சீரிஸ் என்னும் முதல் குறுங்கோள் சூரிய வெளிச்சத்தில் காணாமல் போனபோது, கணிதவியலாளர் கவுஸ் சில நோக்கல்களை வைத்துப் பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறுபடி அகப்பட்டது. கவுஸின் கணக்கைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு விளக்க முடியாது, சரி. ஆனால் அதன் தம்பி ஒருவனை விளக்கலாம். அதற்கு வேண்டிய தரவு தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஜோதிடத்தை நம்புகிறவர், நம்பாதவர் எல்லோருக்கும் தெரியும். ராசி பன்னிரண்டு. ஆகவே சனி ஒரு சுற்று முடிக்க 30 ஆண்டு. குரு ஆண்டுக்கு ஒரு ராசி. ஒரு சுற்றுக்கு 12 ஆண்டு. இனி கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதி: சுற்றும் ஆண்டை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கினால் வருவதும், தூரத்தை அதே எண்ணால் இருமுறை பெருக்கினால் வருவதும் சமம். தூரம் என்பது சூரியனிலிருந்து பூமிக்குள்ள தூரத்தைப்போல எத்தனை மடங்கு என்பது. குருவுக்கு 12-ஐ 12ஆல் பெருக்கினால் 144. எந்த எண்ணை மும்முறை எழுதிப் பெருக்கினால் 144 வரும்? 5 என்றால் 125, போதாது, 6 என்றால் 216, மிகுதி, 5.2 என்றால் 140.6. அருகில் வந்துவிட்டோம். குரு நம்மைப்போல ஐந்தேகால் மடங்கு தொலைவில் இருக்கிறது. வானியல் புத்தகத்தில் 5.2 என்று போட்டிருக்கும். சனிக்கு 30-ஐ 30ஆல் பெருக்கினால் 900. ஒன்பதுக்கு 729, பத்துக்கு 1000. ஒன்பதரைக்குச் சற்று மேலே என்று யாரும் சொல்லிவிடலாம். புத்தகத்தில் 9.58. தொலைநோக்கியில் அப்போதுதான் சனியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, தினசரி நாட்காட்டியில் உள்ள ஒரு செய்தியிலிருந்தே அதன் தூரம் வந்துவிடும் என்பதைத் தாளும் பென்சிலும் கொடுத்துச் செய்யவைத்தால், அவர் இறங்கிப்போகும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும். வீட்டில் இன்னொருவருக்குச் செய்துகாட்டுவார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதற்கான சான்றைத் தந்தவர் இதே வானாய்வகத்தின் முன்னோடிகளில் ஒருவர். காவலூரின் கால்வழி கொடைக்கானல் வழியாகச் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்குப் போகிறது. அது 1792இல் கட்டப்பட்டது. அங்கே 1805 முதல் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், பின்னாளில் தென்னிந்தியக் காலக்கணிதத்தைப் பற்றிக் கால சங்கலிதம் என்ற பெருநூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைத் தம் முன்னாலேயே கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். தாளும் எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, கூட்டியும் கழித்தும் நேரத்தைச் சொன்னார் அவர். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் பிழை ஒரு மணியை நெருங்கியது என்றாலும் இது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் அந்தக் கணியருக்குத் தாம் செய்யும் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு ஒன்றும் தெரியாது என்பதையும் வாரன் எழுதியிருக்கிறார். இதை வைத்து ஒருவர் கேட்கலாம்: கணக்கைச் செய்ய வைத்தால் மகிழ்ச்சி வரும் என்கிறீர்களே, தலைமுறை தலைமுறையாகக் கணக்குச் செய்தவருக்கே காரணம் தெரியாமல் போனதே? கெப்ளர் விதியைச் சொல்லிச் சனியின் தூரத்தைப் போடச் சொல்வதும் அதே சோழிக் கணக்குத்தானே? விதி எங்கிருந்து வந்தது என்று வந்தவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மறுப்பில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்ட பிள்ளைகள் முந்திரி, காணி, மா, வீசம் என்று 320-இல் ஒரு பங்குவரை வாய்க்கணக்காகச் சொல்வார்கள். அந்தப் பயிற்சி பிரம்புக்குப் பயந்தும் வந்தது, அதில் எல்லோருக்கும் இடமும் இல்லை. பழைய காலத்தில் கணக்கு மக்களிடம் இருந்தது, இப்போது போய்விட்டது என்று பெருமூச்சு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கணக்கதிகாரம் போன்ற நூல்களில் இன்னொரு குணத்தைப் பார்க்கலாம். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும் என்கிறது அது. ஏன் என்று சொல்லவில்லை. ஆனாலும் இது சோழிக் கணக்கிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பலா காய்க்கும் மாதங்களில் யாரும் ஒரு பழத்தை வாங்கி, முள்ளை எண்ணி, விடையை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அறுத்துச் சுளையை எண்ணலாம். பொருந்தினால் ஏன் என்ற கேள்வி பிறக்கும். பொருந்தாவிட்டால் எந்தப் பழத்துக்குப் பொருந்தும், காம்பைச் சுற்றி எந்த வரிசை முள்ளை எண்ணச் சொன்னார் என்ற கேள்வி பிறக்கும். விடையைச் சரிபார்க்கும் அதிகாரம் கேட்பவர் கையில் இருக்கிறது. ஆகவே என் வாதத்தைத் திருத்திச் சொல்கிறேன்: செய்வது மட்டும் போதாது. செய்ததைத் தானே சோதிக்க வேண்டும். ஏன் அப்படித்தான் வந்தாக வேண்டும் என்பதும் கண்முன் தெரிய வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுகிற கணக்கு ஒன்றைத் தேடினால், காவலூரில் இரவு வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பகலிலேயே இருக்கிறது.

காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12½ பாகை. இரவில் வடக்கே பார்த்துக் கையை நீட்டி முட்டியை அடிவானத்தில் வைத்தால், முட்டியின் உயரம் 10 பாகை. அதன்மேல் ஓரிரு விரற்கடை சேர்த்தால் துருவ விண்மீன் நிற்கும் உயரம். பகலில் இதே எண்ணை நிழல் சொல்கிறது. ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும் இங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட கோலுக்கு நிழல் இல்லை. நிழலில்லா நாள் என்று அண்மை ஆண்டுகளில் பள்ளிகளில் இதைக் கொண்டாடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் நிழல் காணாமல் போவதைப் படமெடுத்துவிட்டுக் கலைந்துவிட்டால் அதுவும் வேடிக்கையாகவே முடியும். அதே நாள் நண்பகலில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கோலை நட்டால் தெற்குப் பக்கம் ஏறத்தாழ 8 செ.மீ. நிழல் விழும். கோலையும் நிழலையும் அளவு சுருக்கித் தாளில் வரைந்து, கோலின் உச்சியில் பாகைமானியை வைத்தால் நாலரைப் பாகை. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரண்டு ஊருக்கும் இணையாகவே வருகின்றன. கதிர் மாறவில்லை, நிழல் மாறுகிறது. ஆகவே கோல் நிற்கும் தரைதான் நாலரைப் பாகை சாய்ந்திருக்கிறது. முழு வட்டம் 360 பாகை. அதில் நாலரை எத்தனை தடவை? 80. காவலூருக்கும் கன்னியாகுமரிக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 500 கி.மீ. எண்பது ஐந்நூறு 40,000. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்! எரடோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இப்படித்தான் அளந்தார் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அலெக்சாந்திரியாவும் சையீனும் என்று படித்து மறந்த அதே கணக்கு, காவலூரும் கன்னியாகுமரியும் என்று வரும்போது மனக்கணக்காகவே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பூகோளம் நமக்குச் செய்திருக்கும் உபகாரம் இது.

சுற்றளவு சரியாக 40,000 என்று வராவிட்டால் இன்னும் நல்லது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் கோல் நுனியின் நிழல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கித்தான் விழும். ஒரு பிள்ளை 4.2 பாகை என்று அளந்தால் 43,000 கி.மீ. வரும், இன்னொரு பிள்ளை 4.8 என்று அளந்தால் 37,500. யார் சரி என்ற சண்டை, எவ்வளவு தவறலாம் என்ற கேள்வியாக மாறும் தருணம் கணிதக் கல்வியில் விலைமதிப்பற்றது. ஒரு விடை, ஒரு டிக் குறி என்று பழகிய வகுப்பறையில் அது வாய்ப்பதே இல்லை.

கூர்மையான ஒரு பிள்ளை வேறு இரண்டு கேள்வி கேட்கும். முதலாவது: 500 கி.மீ. என்று வரைபடத்தில் பார்த்துத்தானே சொல்கிறீர்கள், வரைபடம் பூமியின் அளவு தெரிந்தவர்கள் போட்டதாயிற்றே, இது சுற்றி வளைத்த வாதம் இல்லையா? நியாயமான கேள்வி. பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்த்துக் கன்னியாகுமரிவரை வடக்கு தெற்குத் தூரத்தை அளந்தவர் லாம்டன். வரைபடத்தின் துணையின்றி, தரையில் கிடந்த சங்கிலியிலிருந்து வந்த தூரம் அது. (முன்னே பார்த்த ஜான் வாரன் அந்த அளவைப் பணியில் லாம்டனுக்கு உதவியாளராக இருந்தவர்.) இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது: பூமி தட்டையாக இருந்து, சூரியன் அருகில் இருந்தாலும் இதே 8 செ.மீ. நிழல் வருமே? வரும். சூரியன் காவலூருக்கு மேலே ஏறத்தாழ 6,350 கி.மீ. உயரத்தில் தொங்கினால் கன்னியாகுமரியில் அப்படியே வரும். இரண்டு ஊரை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. மூன்றாவதாகத் தொலைவில் ஓர் ஊர் வேண்டும். ஸ்ரீநகர் காவலூருக்கு வடக்கே ஏறத்தாழ 2,400 கி.மீ. பூமி உருண்டை என்றால் அங்கே அதே நாள் நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் நிழல் 39 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும்; தட்டை என்றால் 38 செ.மீ.கூட வராது. சென்டிமீட்டர் ஒன்றரையில் பூமியின் வடிவம் தீர்ப்பாகிறது. பூமி உருண்டை என்று நம்பச் சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் இந்த ஒன்றரை சென்டிமீட்டரைக் கொடுக்கும் வாய்ப்பைப் பள்ளிகள் விட்டுவிடக் கூடாது.

கணித ஆசிரியர்களில் சிலர் இதைக் கேட்டு, இதெல்லாம் வானியலும் பூகோளமும், கணிதம் எங்கே என்று கேட்பார்கள். பயன் எதையும் கருதாத தூய கணிதம் பொதுமக்களுக்கு எட்டாது, அதை எட்டச் செய்கிறேன் என்று கிளம்பினால் பொய்தான் மிஞ்சும் என்பது அவர்கள் கட்சி. ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம், எட்டாதவர் என்று அவரைத்தானே காட்டுவார்கள்? நான்கு புளியங்கொட்டைகளைக் குவியல்களாகப் பிரிக்க எத்தனை வழி? நான்கும் ஒரே குவியல்; மூன்றும் ஒன்றும்; இரண்டும் இரண்டும்; இரண்டு, ஒன்று, ஒன்று; நான்கும் தனித்தனி. ஐந்து வழி. ஐந்து கொட்டைக்கு 7 வழி, ஆறுக்கு 11, ஏழுக்கு 15, எட்டுக்கு 22, ஒன்பதுக்கு 30. பத்து நிமிடம் பொறுமை இருந்தால் தரையில் உட்கார்ந்து எண்ணிவிடலாம். 14 கொட்டைக்கு 135 வழி, 19-க்கு 490. நான்கு, ஒன்பது, பதினான்கு, பத்தொன்பது என்று ஐந்தைந்தாகத் தாவிப் போனால் 5, 30, 135, 490 என்று எல்லாம் ஐந்தால் வகுபடும் எண்களாக வருகின்றன. கணிதவியலாளர் மக்மஹோன் கணக்கிட்டிருந்த 200 வரையிலான அட்டவணையைப் பார்த்து இதைக் கவனித்தவர் ராமானுஜன். எல்லையில்லாமல் இப்படியே போகும் என்று 1919இல் நிறுவியும் காட்டினார். நிறுவல் கடினம், அதைப் பொதுமேடையில் சொல்ல முயன்றால் ஆசிரியர்கள் அஞ்சுவதுதான் நடக்கும். ஆனால் அவர் எதைப் பார்த்து நிமிர்ந்தாரோ அதைப் பார்க்கப் புளியங்கொட்டை போதும். இதில் பொய் எதுவும் இல்லை. தூய கணிதம், அதுவும் முதல்தரக் கணிதம், கேள்வி வடிவில் எல்லோருக்கும் எட்டும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். ராமானுஜனை நாம் கொண்டாடும் விதம் அவருடைய கணிதத்துக்குத் தடையாகவே இருக்கிறது. அதிசயப் பிறவி, தெய்வ அருள், கனவில் வந்த சூத்திரம் என்று பேசப் பேச, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: இது உனக்கில்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் வேறு வழியில் போனவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் இரு தொகுதிகளாகக் கொண்டுவந்தவர் அவர். அதே மனிதர் பிள்ளைகளைக்கொண்டே கணிதக் கண்காட்சிகள் நடத்தி, கைக்குக் கிடைத்த எளிய பொருள்களால் எண்களின் ஒழுங்கைக் கண்டெடுக்கச் சொன்னார். ராயபுரத்தில் 1993இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது. ஒரு மேதையை மதிப்பதும் அவர் விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் ஒரே கையால் செய்யக்கூடிய வேலைகள் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அவருக்கும் நூறாண்டு முன்னால், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்ததை ஒட்டிப் பொதுமக்களுக்கென்று சிற்றேடு எழுதினார். ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. காவலூரின் மூதாதை நிறுவனத்தில், ஊழியர் ஒருவர், மக்களுக்குக் கணக்கின் நியாயத்தைச் சொல்லவேண்டும் என்று கருதியிருக்கிறார். புதிதாக எதையும் நாம் தொடங்க வேண்டியதில்லை.

காவலூரிலிருந்து சாலை மலைமேலேயே கிழக்கு நோக்கி ஜமுனாமரத்தூருக்குப் போகிறது. சாமைக் கொல்லைகளும் பலா மரங்களும் இருபுறமும் வருகின்றன. அரசுப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ள பகுதி. கடைசி மறுப்பு இந்த இடத்துக்கு உரியது. வகுத்தல் கணக்கே தடுமாறும் பிள்ளைகளிடம் போய்ப் பூமியின் சுற்றளவு, புளியங்கொட்டை என்று பேசுவது பசித்தவனுக்குப் பலகாரக் கடையைக் காட்டுவது இல்லையா? முதலில் அடிப்படை, பிறகு மகிழ்ச்சி என்று வரிசை வைப்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வரிசை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மகிழ்ச்சி வரும் முறை வருவதற்குள் பிள்ளை கணக்கைவிட்டுப் போய்விடுகிறது. 360-ஐ நாலரையால் வகு என்று கரும்பலகையில் எழுதினால் அது இன்னொரு வீட்டுப்பாடம். தன் பள்ளி முற்றத்தில் நட்ட கோலிலிருந்து வந்த நாலரை அது என்றால், பதில் வரும்வரை பிள்ளை விடாது. அடிப்படையைப் பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படையைக் கற்பதற்கே ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் மலைப்பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒன்றுதான். மலையில் உள்ளவர்களுக்கு அது இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர்கள் வானம் இருட்டாகவும் முற்றம் திறந்தும் இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. ஏப்ரல் 23 தேர்வும் விடுமுறையுமான நேரம். ஆகஸ்ட் 19-இல் ஜவ்வாது மலையில் மேகம் கவிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். நிழலில்லா நாளை நம்பியிருந்தால் ஆண்டுகள் வீணாகும். நல்லவேளையாக, நிழல் இல்லாத நாள்தான் வேண்டும் என்று கணக்கில் எங்கும் சொல்லவில்லை. இரண்டு ஊரின் பாகைகளுக்கு உள்ள வித்தியாசம்தான் வேண்டும், அது எந்த நாளிலும் அதே நாலரை. ராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22, 2012 முதல் தேசிய கணித தினம். பள்ளிகள் திறந்திருக்கும் காலம், வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். சூரியன் தெற்கே கடைக்கோடிக்குப் போயிருக்கும் நாள்களும் அவையே, ஆகவே நிழலும் நீளம், அளப்பது எளிது. வழக்கமான பேச்சுப் போட்டியையும் ஓவியப் போட்டியையும் முற்பகலில் முடித்துக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளியும் கன்னியாகுமரியில் ஒரு பள்ளியும் நண்பகலுக்குச் சற்று முன்னதாகவே ஒரு மீட்டர் கோலை நட்டு, நிழல் குறைந்து குறைந்து மிகக் குட்டையாகும் கணத்தில் அதன் நுனியைக் குறித்துக்கொள்ளட்டும். மலைமேல் ஏறத்தாழ 73 செ.மீ. வரும்; கடற்கரையில் 61. தாளில் வரைந்து அளந்தால் ஓரிடத்தில் 36 பாகை, மற்றோரிடத்தில் 31½. தொலைபேசியில் எண்ணைப் பரிமாறிக்கொண்டபின் கழித்தல், வகுத்தல், பெருக்கல் மூன்றும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் வேலை. ஆசிரியர்கள் விடையை முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தால் போதும்.